நாளைய குற்றத்தை இன்று எடைபோடலாமா?

நீதிமன்றம் ஒரு மனிதரைக் கூண்டில் நிறுத்திக் கேட்கும் கேள்வி, 'இவர் என்ன செய்தார்?' என்பதே. அதற்கு விடை காணச் சாட்சிகள் உண்டு, தடயங்கள் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு. விடை தவறினால் மேல்முறையீடும் உண்டு. ஆனால் தண்டனைக் காலம் முடிந்து சிறைக் கதவு திறக்கப்படும் நாள் நெருங்கும்போது எழும் கேள்வி முற்றிலும் வேறானது: 'இவர் இனி என்ன செய்வார்?' நடந்து முடிந்ததற்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பர். இன்னும் நடவாத ஒன்றுக்கு யார் சாட்சி சொல்வது?

திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்ற ஒருவர் விடுதலையாகும்போது இக்கேள்வி நம்மை அதிகம் உறுத்துவதில்லை. ஒரு கொள்கையின் பெயரால், முன்பின் அறியாத மக்களைக் கொல்லத் துணிந்தவர் வெளியே வருகிறார் என்னும்போதுதான் சமூகம் நடுங்குகிறது. அந்த நடுக்கம் இயல்பானது, நியாயமானதும்கூட. ஆனால் அதன் பெயரால் ஒருவரது எதிர்காலத்தை எடைபோட்டு, அந்த எடைக்கு ஏற்ப அவரது சுதந்திரத்தை அளந்து கொடுப்பது நியாயமா? நியாயம் என்றால் எந்த எல்லை வரை? இதுவே இங்கு நாம் சிந்திக்க வேண்டியது.

அளவுகோல்கள் பிறந்த கதை

குற்றவாளிகளால் விளையக்கூடிய ஆபத்தை மதிப்பிடும் முறைகள் மேலை நாடுகளில் நெடுங்காலமாக உள்ளன. இளமையிலேயே வன்முறை, குடி, போதைப் பழக்கம், நிலையற்ற வேலை, சிதைந்த குடும்பம் முதலியவற்றை அவை கணக்கில் கொள்ளும். தீவிரவாதக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றோரிடம் இந்த அளவுகோல்கள் பல வேளைகளில் பொருந்தவில்லை. அவர்களுள் பலர் படித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள், அதற்கு முன் காவல் நிலையத்தின் வாசலை மிதியாதவர்கள். பழைய கோலால் அளந்தால், ஆபத்தற்ற மனிதர்களாகவே அவர்கள் தோன்றுவர்.

ஆகவே புதிய அளவுகோல்கள் தேவைப்பட்டன. கனடாவில் எலைன் பிரஸ்மன் என்னும் ஆய்வாளர் 2009-இல் 'வெரா' எனப்படும் முறையை உருவாக்கினார். இங்கிலாந்தில் சிறைத்துறையைச் சார்ந்து பணியாற்றிய உளவியலாளர்கள் மோனிகா லாய்டும் கிறிஸ்டபர் டீனும் வகுத்த 'இ.ஆர்.ஜி. 22+' என்னும் வழிகாட்டி 2011-இல் நடைமுறைக்கு வந்தது. இது 22 காரணிகளை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கிறது. முதல் தொகுதி ஈடுபாடு: எந்த அநீதி இவரைச் சுட்டது? தமக்கென ஓர் அடையாளமும் உறவும் இவர் எங்கே தேடினார்? எந்தக் குழு இவரை ஆட்கொண்டது? இரண்டாவது நோக்கம்: உலகத்தை 'நாம்', 'அவர்கள்' என்று இவர் இரண்டாகக் கூறுபோடுகிறாரா? எதிரியை மனிதனாகக் காண மறுக்கிறாரா? தீய வழியை நல்ல முடிவு நியாயப்படுத்தும் என நம்புகிறாரா? மூன்றாவது திறன்: வன்முறையைச் செயல்படுத்தும் அறிவும் தொடர்புகளும் இவருக்கு உண்டா?

பெயரில் உள்ள கூட்டல் குறிக்கும் ஒரு பொருள் உண்டு. அந்த 22 காரணிகளோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. இந்தக் குறிப்பிட்ட மனிதரிடம் வேறு ஏதேனும் முக்கியமாகப் பட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே அது. அதைவிட முக்கியமான செய்தி: இங்கே மதிப்பெண்களைக் கூட்டி, 'இத்தனைக்கு மேல் ஆபத்து, இத்தனைக்குக் கீழ் ஆபத்தில்லை' என்று சொல்லும் வழக்கமில்லை. காரணிகள் மதிப்பீட்டாளரின் சிந்தனைக்கு ஒழுங்கு தருகின்றன. தீர்ப்பைச் சொல்வது அம்மனிதரே. எனவே இவை வெப்பமானியைப் போன்ற கருவிகள் அல்ல. ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பற்றி எடுக்கும் முடிவுக்குத் துணைநிற்பவை மட்டுமே. முடிவின் சுமை, அதை எடுப்பவரின் மனச்சான்றின் மீதுதான் இருக்கிறது.

லண்டன் பாலத்தருகே

இந்தச் சுமை எத்தகையது என்பதை 2019 நவம்பர் 29 உலகுக்குக் காட்டியது. அன்று லண்டன் பாலத்தருகே உள்ள ஃபிஷ்மாங்கர்ஸ் ஹால் என்னும் மண்டபத்தில், கைதிகளும் மாணவர்களும் ஒன்றாக அமர்ந்து பயிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றின் ஐந்தாம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது. விருந்தினராக வந்தவர்களுள் ஒருவர் உஸ்மான் கான். லண்டன் பங்குச் சந்தையைத் தாக்கத் திட்டமிட்ட குழுவின் வழக்கில் 2012-இல் தண்டனை பெற்று, 2018 டிசம்பரில் நிபந்தனைகளோடு விடுதலையானவர். காலில் மின்னணுக் கண்காணிப்புக் கருவி அணிந்தே அவர் வந்திருந்தார். அந்த மண்டபத்தில், தம்மைப் போன்றோரின் மறுவாழ்வுக்காக உழைத்த 25 வயது இளைஞரையும் 23 வயது இளம்பெண்ணையும் அவர் கத்தியால் குத்திக் கொன்றார்.

அப்படியானால் மதிப்பீடு பொய்த்ததா? விடை அத்துணை எளிதன்று. முதலில் அவருக்கு விதிக்கப்பட்டது காலவரையறையற்ற தண்டனை. அதன்படி, ஆபத்து நீங்கிவிட்டது என்று பரோல் வாரியம் நிறைவு கொண்டால்தான் அவர் வெளிவர முடியும். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 16 ஆண்டுத் தண்டனையாக மாற்றியது. அன்றைய சட்டப்படி, பாதிக் காலம் கழிந்ததும், பரோல் வாரியத்தின் முன் நிற்காமலே அவர் விடுதலையானார். விடுதலைக்கு முன் சிறையில் நடந்த மதிப்பீடு அவரை உயர்ந்த ஆபத்துடையவராகவே காட்டியிருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. ஆனால் கதவு நாட்காட்டியைப் பார்த்துத் திறந்தது.

வெளியே வந்தபின் நடந்தது வேறொரு பிழை. 2021 மே மாதம் தீர்ப்பளித்த மரண விசாரணையின் ஜூரிகள், கண்காணித்த அமைப்புகளின் குறைகளை எடுத்துக்காட்டினர். அவர் ஒரு வெற்றிக் கதையாகக் காட்டப்பட்டதால், அவரிடமிருந்த ஆபத்தைக் காணும் கண் மங்கிப்போயிற்று என்பதும் அவற்றுள் ஒன்று. பழைய தாள் சொன்னதைப் புதிய நம்பிக்கை மறைத்தது. நம்பிக்கை கொண்டது குற்றமன்று. நம்பிக்கை வந்தபின் கேள்வி கேட்பதை நிறுத்தியதே குற்றம்.

இதன்பின் சட்டம் விரைந்து கடுமையாயிற்று. 2020 பிப்ரவரி 2 அன்று, தென் லண்டனில் உள்ள ஸ்ட்ரெத்தமில், சிறையிலிருந்து வெளிவந்து பத்து நாட்களேயான இன்னொருவர் தெருவில் சென்றோரைக் கத்தியால் தாக்கினார். அவர் ஆபத்தானவர் என்று காவல்துறை ஆயுதத்தோடு பின்தொடர்ந்துகொண்டிருந்த வேளையிலேயே அது நடந்தது. அம்மாதமே நிறைவேறிய சட்டம், தீவிரவாதக் கைதிகள் தண்டனையின் மூன்றில் இரு பங்கைக் கழித்த பின்னரே, அதுவும் பரோல் வாரியத்தின் ஒப்புதலோடுதான், முன்கூட்டியே விடுதலை பெற முடியும் என்று வகுத்தது. 'இவர் இனி என்ன செய்வார்?' என்னும் கேள்வி இவ்வாறு சட்டத்தின் மையத்துக்கே வந்து அமர்ந்தது.

கண்ணுக்குத் தெரியாத பிழை

இனி வேறொரு பக்கத்தையும் காண்போம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஜனவரி முதல் 2019 டிசம்பர் வரை, தீவிரவாதத் தொடர்புடைய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்று விடுதலையானவர்கள் 196 பேர். அவர்களுள் மீண்டும் தீவிரவாதக் குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் 6 பேர். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ மூவர். பெல்ஜியத்தில் 557 ஜிகாதியத் தீவிரவாதிகளின் வரலாற்றை ஆராய்ந்து தோமா ரெனார் 2020-இல் வெளியிட்ட ஆய்வும், மீண்டும் அவ்வழியே சென்றவர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு என்றே கண்டது. அந்தச் சிலர் செய்யும் கொடுமையின் அளவை இந்த எண்கள் குறைத்துவிடவில்லை. ஆயினும் மதிப்பீட்டுப் பணியின் கடுமையை அவை காட்டுகின்றன.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விடுதலையாகவுள்ள 1,000 தீவிரவாதக் கைதிகள் இருப்பதாகக் கொள்வோம். நூற்றுக்கு மூவர் என்றால், அவர்களுள் 30 பேர் மீண்டும் குற்றம் செய்வர். 970 பேர் செய்யமாட்டார்கள். நம் கையிலுள்ள அளவுகோல் நூற்றுக்கு எண்பது முறை சரியாகச் சொல்லும் என்றும் தாராளமாக வைத்துக்கொள்வோம். அந்த 30 பேரில் 24 பேரை அது கண்டுபிடிக்கும். 6 பேரைத் தவறவிடும். அதேவேளையில், குற்றம் செய்யாத 970 பேரில் 194 பேரையும் 'ஆபத்தானவர்' என்று சுட்டிவிடும். ஆக, ஆபத்தானவர் என்று முத்திரை பெறுவோர் 218 பேர். அவர்களுள் உண்மையிலேயே ஆபத்தானவர் 24 பேர் மட்டுமே. ஒருவருக்காக எண்மர் சுமக்கிறார்கள்.

தவறவிடப்பட்ட 6 பேரால் விளையும் துயரம் மறுநாள் செய்தித்தாளில் முதற்பக்கத்தில் வரும். இறந்தோரின் புகைப்படங்கள் வரும், அமைச்சர் பதில் சொல்வார், விசாரணை நடக்கும். வீணாகச் சுட்டப்பட்ட 194 பேரின் கதை எங்கும் வராது. ஏனெனில், அடைத்து வைக்கப்பட்ட ஒருவர், 'வெளியே விட்டிருந்தால் நான் தீங்கு செய்திருக்கமாட்டேன்' என்பதை மெய்ப்பிக்க வழியே இல்லை. அவர் உள்ளே அமைதியாக இருப்பதையே, 'பார்த்தீர்களா, அடைத்து வைத்ததால்தான் அமைதி' என்று எடுத்துக்கொள்ள முடியும். ஒரு பிழைக்குக் குருதியும் கண்ணீரும் சாட்சி. மற்றதற்குச் சாட்சியே இல்லை. இதுவே இந்தக் கேள்வியின் அறச்சிக்கல்.

அந்தச் சாட்சியற்ற பிழை ஒருமுறை வெளிச்சத்துக்கு வந்ததுண்டு. அது தீவிரவாதிகளைப் பற்றியதன்று. ஆயினும் பாடம் ஒன்றே. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், தண்டனைக் காலம் முடிந்த பின்னும் ஆபத்தானவர்கள் என்ற பெயரால், மனநோயுற்ற குற்றவாளிகளுக்கான கடுங்காவல் மருத்துவமனைகளில் பலர் அடைக்கப்பட்டிருந்தனர். 1966-இல் பாக்ஸ்ட்ரம் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக, அத்தகையோர் 967 பேர் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். பெருங்கேடு விளையும் என்று பலர் அஞ்சினர். பின்னர் ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எந்த வன்முறையிலும் இறங்கவில்லை என்பது தெரியவந்தது. அந்த வழக்கு இல்லாதிருந்தால் அவர்கள் ஆபத்தானவர்களாகவே எண்ணப்பட்டு அங்கேயே இறந்திருப்பர். மதிப்பீடு சரியென்றே ஏடுகள் சொல்லியிருக்கும்.

அதே மண்டபத்தில் இன்னொருவர்

ஃபிஷ்மாங்கர்ஸ் ஹாலுக்கு ஒருகணம் திரும்புவோம். கொலையாளியை எதிர்த்து, கையில் கிடைத்ததைக் கொண்டு போராடி, பாலத்தின் மேல் துரத்திச் சென்று வீழ்த்தியவர்களுள் ஒருவர் யார்? அவரும் ஒரு கைதியே. கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்று, அன்று ஒருநாள் அனுமதியில் சிறையிலிருந்து வந்திருந்தவர். பிறர் உயிர் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்த அவரது செயலுக்காக, 2020-இல் அரச கருணையால் அவரது குறைந்தபட்சச் சிறைக்காலத்தில் 10 மாதங்கள் குறைக்கப்பட்டன.

ஒரே கூரையின் கீழ் இருவர். இருவருக்கும் ஒருவகையில் நம்பிக்கை காட்டப்பட்டிருந்தது. ஒருவர் அதைக் கொன்றார். மற்றவர் அதைக் காத்தார். முன்னவரை நினைத்து எல்லாக் கதவுகளையும் அடைத்தால், பின்னவர் அந்த மண்டபத்தில் இருந்திருக்கமாட்டார். பின்னவரை நினைத்து எல்லாக் கதவுகளையும் திறந்தால், முன்னவரைப் போன்றோர் வருவர். கொல்லப்பட்ட இளைஞரின் தந்தை, தம் மகனின் சாவைக் காட்டி மேலும் கடுமையான தண்டனைகளைக் கொண்டுவர வேண்டாம் என்று நாட்டுக்கு வேண்டுகோள் விடுத்தார். அவர் துயரத்தை மறந்தவரல்லர். தம் மகன் எதை நம்பினான் என்பதை மறவாதவர்.

மன்னிப்பு வேறு, மதிப்பீடு வேறு

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒருவரை மன்னித்துவிட்டோம் என்றால் அவரால் ஆபத்தில்லை என்று ஏற்றுக்கொள்கிறோமா? அவரால் ஆபத்துண்டு என்று சொன்னால் அவரை மன்னிக்கவில்லை என்று பொருளா? இரண்டும் இல்லை.

1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் மெகமத் அலி அக்சா என்பவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலைச் சுட்டதை நாம் அறிவோம். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே துருக்கியில் ஒரு பத்திரிகை ஆசிரியரைக் கொன்று, சிறையிலிருந்து தப்பியவர் அவர். சுடப்பட்ட நான்காம் நாளே, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து திருத்தந்தை தம் மன்னிப்பை அறிவித்தார். 1983 டிசம்பர் 27 அன்று ரோமைச் சிறைக்குச் சென்று, தம்மைச் சுட்டவரோடு தனியே அமர்ந்து உரையாடினார். ஆயினும் அன்று திருத்தந்தை மட்டுமே சிறையைவிட்டு வெளியே வந்தார். அக்சா இத்தாலியச் சிறையில் தொடர்ந்தார். 2000-ஆம் ஆண்டில் இத்தாலியக் குடியரசுத் தலைவர் பொதுமன்னிப்பு அளித்தபோதும், துருக்கிக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள பழைய தண்டனைகளின் பேரில் அடைக்கப்பட்டு, 2010-இல்தான் விடுதலையானார்.

மன்னிப்பு, 'நீ செய்த செயலைவிட நீ பெரியவன்' என்கிறது. மதிப்பீடு, 'இன்றைய நிலையில் உன்னால் பிறருக்குத் தீங்கு நேருமா?' என்று கேட்கிறது. முன்னது தனிமனிதர் தரக்கூடிய கொடை. பின்னது சமூகம் தன் எளிய மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. மன்னிப்பின் பெயரால் மதிப்பீட்டைக் கைவிடுவது, அடுத்துக் கத்திக்கு இரையாகப் போகிறவரின் உயிரைக் கொண்டு நாம் தாராளம் காட்டுவதாகும். மதிப்பீட்டின் பெயரால் மன்னிப்பை மறுப்பதோ, ஒருவரது கடந்த காலத்தையே அவரது பெயராக்கிவிடுவதாகும்.

நீதி வேண்டுவன

அப்படியானால் மதிப்பீடு எப்போது நீதியாகிறது? முதலாவதாக, அது ஒருவரது நம்பிக்கையை அன்றி, வன்முறையை நோக்கிய அவரது சாய்வை எடைபோட வேண்டும். உலகில் அநீதி நிகழ்கிறது என்று சினம் கொள்வது குற்றமன்று. ஒரு சமயத்தை ஆழ்ந்து பின்பற்றுவதும் குற்றமன்று. 'அந்த அநீதிக்காக இந்த அப்பாவியைக் கொல்லலாம்' என்னும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. இந்தக் கோட்டை அழித்தால், சிறைக்கூடம் மனச்சான்றை விசாரிக்கும் மன்றமாகிவிடும்.

இரண்டாவதாக, ஆபத்து என்பது இரத்த வகையைப் போல ஒருவருக்குள் மாறாமல் இருப்பதன்று. துணையும் தொழிலும் கிடைத்தால் குறையும். தனிமையும் அவமானமும் சேர்ந்தால் கூடும். எனவே 'இவர் ஆபத்தானவர்' என்று முடித்துவிடாமல், 'இன்ன சூழலில், இன்ன தொடர்புகள் மீண்டும் கிடைத்தால், இன்ன வகை ஆபத்து நேரலாம்' என்றே மதிப்பீடு பேச வேண்டும். சூழல் மாறும்போது மீண்டும் பார்க்கவும் வேண்டும். லண்டனில் தவறியது இதுவே.

மூன்றாவதாக, கைதிக்குத் தப்ப முடியாத பொறியாக அது இருத்தலாகாது. முரண்டு பிடித்தால் ஆபத்தானவர். பணிவாக நடந்தால் நடிக்கிறார் என்றால், அவர் என்னதான் செய்வது? நடிப்பவர்கள் உண்டு என்பதை நாம் கண்டோம். ஆகவே இனிய சொற்களை மட்டும் நம்பாமல், பழைய உறவுகளை அவர் விட்டாரா, அதற்காக எதையேனும் இழந்தாரா, ஆண்டுகள் கடந்தும், வெவ்வேறு மனிதரின் பார்வையிலும் அந்த மாற்றம் நிலைக்கிறதா என்று காண வேண்டும். எதைக் கண்டால் தம் கருத்தை மாற்றிக்கொள்வார் என்பதை மதிப்பீட்டாளர் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அறியவும் மறுக்கவும் கைதிக்கு உரிமை வேண்டும்.

நான்காவது நம்மைப் பற்றியது. விடுதலைத் தாளில் கையெழுத்திடும் அலுவலர் தனியே அமர்ந்து முடிவெடுப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அவருடைய மேசையைச் சுற்றி நாம் அனைவரும் நிற்கிறோம். தவறவிடப்பட்ட ஒருவருக்காக மட்டும் அவரைத் தூற்றி, வீணாக அடைக்கப்பட்ட எண்மரைப் பற்றி ஒருபோதும் கேளாத சமூகம், அஞ்சிக் கையெழுத்திடவே அவருக்குக் கற்பிக்கிறது. அப்போது எடைபோடப்படுவது கைதியின் ஆபத்தன்று, அலுவலரின் அச்சமே.

எதிர்காலத்தை அறியும் ஆற்றல் மனிதருக்குத் தரப்படவில்லை. ஆயினும் எதிர்காலத்துக்காக முடிவெடுக்கும் பொறுப்பு தரப்பட்டுள்ளது. இந்த இடைவெளியை எந்த அளவுகோலும் நிரப்பிவிடாது. அளவுகோல் இல்லாமல் வெறும் வெறுப்பாலோ வெறும் இரக்கத்தாலோ முடிவெடுப்பது இன்னும் கொடிது. ஆகவே எடைபோடலாம், போடவும் வேண்டும். ஆனால் தராசைப் பிடித்திருக்கும் கை, அது தவறக்கூடியது என்பதை அறிந்திருக்க வேண்டும். இறந்தோரின் முகங்களை அந்தக் கைக்குரியவர் மறக்கலாகாது. எவரது நினைவிலும் முகமே இல்லாத அந்த 194 பேரையும் மறக்கலாகாது. முன்னவர்களுக்காகப் பேச உலகமே உண்டு. பின்னவர்களுக்காகப் பேச மனச்சான்று ஒன்றுதான் உண்டு.